காரைக்கால் அம்மையாரை மூன்றாம் முறை படிக்கும்போது

கேள்வி (வேனில்):
சிவனடியாரான காரைக்கால் அம்மையாரின் பாடல்களை இதுவரை மூன்று முறை படித்திருக்கிறேன். 17 வயதில் பள்ளிப் போட்டிக்காக அற்புதத் திருவந்தாதியை மனப்பாடம் செய்தபோது கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியை அடியாருக்கு இட்டுவிட்டு, இறையருளால் வேறொன்று பெற்ற மாங்கனிக் கதைதான் மனத்தில் நின்றது. "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று ஒரு பெண்பேயின் உடலை வருணித்துத் தொடங்கும் திருவாலங்காட்டுப் பதிகத்தை, வீட்டில் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் தாண்டிவிட்டேன். 34 வயதில் மணமுறிவுக்குப் பிறகு படித்தபோது, அம்மையாரைப் பிரிந்துபோன அவர் கணவன் பரமதத்தன் மீதான கோபம் ஒவ்வொரு வெண்பாவிலும் மறைந்திருப்பதாகத் தோன்றியது. இப்போது எனக்கு 58 வயது. அதே நூலில் அந்தக் கோபத்தை எங்கு தேடியும் காண முடியவில்லை. நான் படித்தது அம்மையாரையா, அல்லது அந்தந்த வயதில் இருந்த என்னையே படித்துக்கொண்டிருந்தேனா? இதே அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி 1 (ஓலைநறுக்கு):
கோபத்தைக் காண முடியாததற்குக் காரணம், அது முதலிலிருந்தே அங்கு இல்லை என்பதுதான். அந்தாதியின் 101 வெண்பாக்கள், திருவிரட்டை மணிமாலையின் 20 பாடல்கள், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலுமாக 22 பாடல்கள் என நமக்குக் கிடைத்துள்ள 143 பாடல்களில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை, புனிதவதி என்ற அவருடைய இயற்பெயரும் இல்லை. தம்மை அவர் அழைத்துக்கொள்வது "காரைக்காற் பேய்" என்றே. நாம் அறிந்த வரலாறு சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் வழியாக வந்தது. அம்மையாரைப் பொதுவாக 6ஆம் நூற்றாண்டில் வைப்பதால், சேக்கிழார் அவருக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகள் பிற்பட்டவர் ஆகிறார். எனவே ஒருமுறையாவது பெரியபுராணத்தை மூடி வைத்துவிட்டு அந்தாதியை மட்டும் படித்துப் பாருங்கள். முதல் வெண்பா, பிறந்து மொழி பயின்ற நாள்முதல் உன் சேவடியே சேர்ந்தேன் என்று சொல்லிவிட்டு, "எஞ்ஞான்று தீர்ப்பது இடர்" என்று கேட்டு நிற்கிறது. ஒரு பாடலின் இறுதிச் சொல்லே அடுத்த பாடலின் தொடக்கமாகும் அந்தாதி முறைப்படி அந்த "இடர்" என்ற சொல்லையே பற்றிக்கொண்டு இரண்டாம் வெண்பா, "இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்" என்று தொடங்கி, அப்போதும் அவர்மேல் என் நெஞ்சின் அன்பு அறாது என்று முடிகிறது. இளவயதில் இவை இரண்டையும் தனித்தனிப் பாடல்களாக ஒப்பித்திருப்பீர்கள். கேள்வியும், விடை வராவிட்டாலும் கவலையில்லை என்ற நிலையும் ஒரே சொல்லில் முடிச்சிடப்பட்டிருப்பது எனக்கே 50 வயதைக் கடந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

மறுமொழி 2 (தாழ்வாரம்):
மேலே எழுதிய ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் 34 வயதில் வேனில் அம்மா படித்ததைத் தவறென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சேக்கிழாரும் அம்மையாரை மீண்டும் படித்த ஒரு வாசகர்தானே? வேறொருத்தியை மணந்து, அவளிடம் பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே இட்ட கணவன், சுற்றத்தார் முன்னிலையில் காலில் விழுந்து வணங்கிய வேளையில், "இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து" பேய் வடிவம் தரவேண்டும் என்று அவர் வேண்டுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். "இவனுக்காகத் தாங்கிய" என்ற சொற்களில் எவ்வளவு இருக்கிறது என்பதை மணவாழ்க்கையில் நொந்தவர்களுக்கு உரை எழுதி விளக்க வேண்டியதில்லை. அதில் கோபம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன், ஒரு கணக்கை முடித்துக் கையைக் கழுவும் நிதானமே எனக்குத் தெரிகிறது. இதுவும் என் வயது சொல்வதாக இருக்கலாம், எனக்கு 71.

மறுமொழி 3 (கூத்தரங்கு):
எனக்கு 26 வயது. ஒரே ஒருமுறைதான் படித்திருக்கிறேன், அதுவும் சிற்பத்தின் வழியாக வந்து. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. வற்றிய உடம்போடு, கையில் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கும் அந்த உருவத்தைப் படத்தில் பார்த்த பிறகுதான் பதிகத்தைத் தேடிப் படித்தேன். நீங்கள் கூச்சத்தோடு தாண்டிய பாடல்தான் எனக்கு முதற்பாடல். அதில் வரும் பெண்பேய் வேறு, பாடுகிற அம்மையார் வேறு என்று கொள்வதா, இருவரும் ஒருவரே என்று கொள்வதா என்பதில் மட்டும் தெளிவில்லை.

கேட்டவர் (வேனில்):
மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று அந்தாதியைத் தனியே எடுத்துப் படித்தேன். கடைசி வெண்பா "பேராத காதல் பிறந்து" என்று முடிவதையும், முதல் வெண்பா "பிறந்து" என்றே தொடங்குவதையும் 41 ஆண்டுகளாக நான் கவனிக்கவே இல்லை என்பது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. கூத்தரங்கு தம்பியின் ஐயத்துக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பதிகத்தைத்தான் நான் இன்னும் ஒழுங்காகப் படிக்கவில்லையே. புடைத்துக்கொண்டிருக்கும் நரம்புகளோடு என் கையே இப்போது அந்தப் பக்கத்தின்மேல் இருப்பதால், இம்முறை தாண்டிப்போக வழியில்லை.