ஃபுட்பால் மேனேஜர்: ஒரே ஸ்ட்ரைக்கருக்காக டிரெஸ்ஸிங் ரூமே எனக்கு எதிரா நிக்குது, இது ரியலிசமா?

உம்பிலோ9

வணக்கம் மக்களே, டர்பன்ல இருந்து எழுதுறேன். எஃப்எம் 24ல (ஃபுட்பால் மேனேஜர் 2024, நாமளே கிளப் மேனேஜரா இருந்து ஆடுற கம்ப்யூட்டர் கேம்) நம்ம டர்பன் கிளப் அமாசூலுவை வெச்சு ஒரு சேவ் ஓடிக்கிட்டிருக்கு, லீக்ல மூணாவது இடத்துல நிக்கிறோம், பட்ஜெட்டைப் பாத்தா நாம அங்க நிக்கவே கூடாது. எல்லாம் என் ஸ்ட்ரைக்கர் புண்ணியம். யூத் இன்டேக்ல (வருஷா வருஷம் அகாடமில இருந்து வர்ற புதுப் பசங்க) வந்த ரீஜென் பையன், அதாவது கேமே உருவாக்கின ஆட்டக்காரன், 20க்கு ஃபினிஷிங் 16, ஆஃப் தி பால் (பந்து இல்லாதப்போ இடம் பிடிக்கிற திறமை) 15, பெனால்டி பாக்ஸ்ல அவன் திரும்புற வேகத்தைப் பாத்தாலே தனி சந்தோஷம்.

போன சீசன் அவன் வந்து பேசினப்போ பெரிய கிளப் வந்தா விடுறேன்னு வாக்கு குடுத்தேன். இந்த ஜனவரில ஜோகன்னஸ்பர்க் டீம் ஒண்ணு கேட்டுச்சு, அதே லீக்ல நமக்கு நேர் மேல நிக்கிற டீம், குடுக்குறதா சொன்ன பணமோ அவன் மதிப்புல பாதிக்குக் கொஞ்சம் மேல. சீசன் நடுவுல எதிரிக்கு ஆளைத் தூக்கிக் குடுக்க எந்த மேனேஜருக்கு மனசு வரும், வேணாம்னுட்டேன். அவ்வளவுதான், வாக்கு தவறிட்டேன்னு ஆரம்பிச்சான், அடுத்த வாரம் கேப்டன் வந்தான், அதுக்கப்புறம் டீம் மீட்டிங் போட்டா பாதிப் பேர் முகம் சிவப்புக் கலர், நாலு பதில் குடுத்துருக்கு அதுல எதைத் தொட்டாலும் கோவம் இன்னும் ஏறுது.

உண்மையான டீம்ல ஒருத்தன் டிரான்ஸ்ஃபருக்காக, ஜெயிச்சுக்கிட்டிருக்கிற இருபது பேர் கோச்சுக்கு எதிரா நிப்பாங்களா? அவன் போனா போறான்னு தானே இருப்பாங்க? இன்னொண்ணு, மீட்டிங்குக்கு முந்தின சேவ் இருக்கு, அதுல திரும்பப் போறதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்.

லெனேசியா நைட்

ப்ரோ முதல்ல டைனமிக்ஸ் பக்கத்தைத் திறந்து ஹயரார்க்கி பாருங்க, டீமுக்குள்ள யாருக்கு எவ்வளவு செல்வாக்குன்னு காட்டுற பட்டியல் அது. அந்தப் பையன் எந்தத் தட்டுல இருக்கான்? டீம் லீடர்னா அவன் ஒருத்தன் கோவம் ஒருத்தனோட நிக்காது, கீழ இருக்கிறவங்களையும் சேத்து இழுத்துட்டுப் போகும். ஓரத்துல இருக்கிற ஆளா இருந்தா ஒரு வாரம் முணுமுணுத்துட்டு அடங்கிருப்பாங்க. கூடவே சோஷியல் குரூப்ஸும் பாருங்க, அகாடமில இருந்து ஒண்ணா வந்தவங்க, ஒரே பாஷை பேசுறவங்க, ரொம்ப வருஷமா கிளப்ல இருக்கிறவங்கன்னு கேம் தானா குழு பிரிக்கும். உங்க ஸ்ட்ரைக்கரும் கேப்டனும் ஒரே கோர் குரூப்ல இருப்பாங்கன்னு பந்தயம் கட்டுவேன்.

இது எஃப்எம் 18ல வந்த சிஸ்டம். அதுக்கு முன்னாடி நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மொரால்னு (மனநிலை) ஒரு வார்த்தை தான், நல்லா இருக்கான், மோசமா இருக்கான்னு. அதோட ஒப்பிட்டா இப்ப இருக்கிறது எவ்வளவோ மேல்னு தான் சொல்வேன்.

இன்னொரு விஷயம், அவன் பெர்சனாலிட்டி என்னன்னு நீங்க எழுதவே இல்ல. ஆம்பிஷன், லாயல்டி, டெம்பரமெண்ட், புரொஃபெஷனலிசம் இதெல்லாம் நமக்கு நம்பரா காட்டாது, உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும், வெளிய தெரியுறது ஒரு வார்த்தையும் கோச் ரிப்போர்ட்டும் மட்டும் தான். ஆம்பிஷியஸ்னு போட்டிருக்கிறவனுக்கு விடுறேன்னு சொன்னா அவன் அன்னைக்கே பெட்டி கட்டிருவான். அவனுக்கு "பெரிய கிளப்"னா பேரு பெரிய கிளப், அது நம்ம லீக்கா வெளிநாடாங்கிற கணக்கெல்லாம் உங்க மண்டைக்குள்ள மட்டும் தான் இருக்கு.

இப்ப செய்ய வேண்டியது: இன்னொரு டீம் மீட்டிங் போடவே போடாதீங்க, கோவமா இருக்கிற கூட்டத்துக்கிட்ட மைக் குடுக்குற வேலை அது. பையனைத் தனியா கூப்பிட்டு விலை சொல்லுங்க, இந்தத் தொகை வந்தா விடுறேன்னு. அவனுக்கு நியாயமாத் தெரியுற தொகையா இருக்கணும், மூணு மடங்கு சொன்னா அதுவும் சண்டை தான். அவன் ஒத்துக்கிட்டா கேப்டன் தரப்புக் கோவமும் தன்னால இறங்கும். பழைய சேவை ரீலோட் பண்ணாதீங்க, பண்ணீங்கன்னா அடுத்த ஆள் விஷயத்துலயும் இதே தான் நடக்கும்.

சாட்ஸ்வொர்த் கோச்

தம்பி, நான் வார இறுதில சின்னப் பசங்களுக்கு டிஸ்கி (நம்ம ஊர்ப் பேச்சுல ஃபுட்பால்) சொல்லிக் குடுக்கிறவன், ராத்திரில இந்த கேமும் ஆடுறேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்து சொல்றேன். டீம் உங்களுக்கு எதிரா நின்னது நூத்துக்கு நூறு உண்மை. அவனுக்காக மட்டும் யாரும் நிக்கல, அவனுக்குக் குடுத்த வாக்கையே காப்பாத்தலன்னா நாளைக்கு நமக்குக் குடுத்த வாக்கு என்னாகும்னு ஒவ்வொருத்தனும் தன் காண்ட்ராக்டைத் தான் நெனைப்பான். பதினாலு வயசுப் பசங்ககிட்ட சனிக்கிழமை உன்னை இறக்குறேன்னு சொல்லிட்டு இறக்காம விட்டுப் பாருங்க, அடுத்த பயிற்சில பெஞ்சுல இருக்கிற அத்தனை பேரும் உங்க முகத்தைப் பாக்காம தான் பந்து தட்டுவான்.

கேம்ல எனக்கு உறுத்துறது வேற. பையன் ட்ரெய்னிங்ல ஒழுங்கா ஆடலன்னா ரேட்டிங் 6.1னு காட்டும், நாம பாராட்டலாம், கண்டிக்கலாம், ஃபைன் போடலாம். ஏன் ஆடலன்னு கேக்குற பட்டன் எங்க? இங்க ஒரு பையன் ரெண்டாவது பாதில எப்பவும் நின்னுருவான், ஸ்டாமினா இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க, கடைசில பாத்தா ரெண்டு ஷேர் டாக்ஸி மாறி வரணும்னு காலையில சாப்பிடாமக் கிளம்பி வர்றான். ரொட்டியும் வாழைப்பழமும் கிரவுண்டுக்குக் கொண்டு வர ஆரம்பிச்சோம், இப்ப கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடுறான். கேம்ல அவனுக்கு ஸ்டாமினா 8னு போட்டு வித்துருப்போம். ஊரை விட்டு வந்தவனுக்கு வீட்டு ஏக்கம் வர்றதெல்லாம் கேம்ல வெச்சுருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு மேல கேம்ல இருக்கிற பையனுக்கு ஒரு வீடே கிடையாது.

அதே மாதிரி பொட்டென்ஷியல் எபிலிட்டி, ஒருத்தன் எவ்வளவு தூரம் வளர முடியும்கிற நம்பர். 200க்கு இவ்வளவுன்னு சேவ் ஆரம்பிக்கும்போதே உச்சவரம்பு வெச்சுருது, அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் அதைத் தாண்ட மாட்டான். நம்ம ஊர் ஆட்டக்காரர் தெம்பா ஸ்வானேவை எடுத்துக்கங்க, மாமெலோடி சன்டவுன்ஸ் கிளப் அவரை ஒரு காலத்துல பிளாக் ஏசஸ் கிளப்புக்கு லோன்ல அனுப்பி வெச்சது, 2019-20 சீசன்ல லீக்கோட சிறந்த ஆட்டக்காரர்னு விருது வாங்கும்போது அவருக்கு முப்பது தாண்டியாச்சு. இந்த கேம்ல முப்பது வயசுல ஒருத்தன் அப்படி மலர்ந்து நான் பாத்ததே இல்ல.

இதையும் சொல்லணும், நம்ம டர்பன் மானிங் ரேஞ்சர்ஸ். பிஎஸ்எல், அதாவது தென்னாப்பிரிக்காவோட முதல் நிலை லீக், ஆரம்பிச்ச 1996-97 சீசன்லயே லீக்கை ஜெயிச்ச டீம், சீஃப்ஸ், பைரட்ஸ், சன்டவுன்ஸ்னு பெரிய கிளப் எல்லாரையும் தாண்டி, நம்ம இந்திய ஜனங்க வளத்த கிளப். கோச் கோர்டன் இகெசுண்ட். அவர் அப்புறம் பைரட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ்னு மொத்தம் நாலு வேற வேற கிளப்போட லீக் ஜெயிச்சாரு. நாலு டீம், நாலு விதமான ஆளுங்க, டாக்டிக்ஸ் போர்டு மட்டும் வெச்சு அது நடக்காது, ஆளைப் படிக்கத் தெரிஞ்சதால தான் நடந்துச்சுன்னு நான் நம்புறேன். கேம்ல மேனேஜர் ஆளுங்களை எப்படிக் கையாளுறாருன்னு ஒரு நம்பர் இருக்கு, ஆனா அந்தத் திறமையை நாம காட்ட கிடைக்கிறது நாலு வரி பதில்.

பீனிக்ஸ்காரன்

கோச் அண்ணா சொல்றது மனசுக்குப் புரியுது, ஆனா நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். நாலு வரிக்குப் பதிலா நாப்பது வரி குடுத்தா ஒரு சீசன் முடிக்க ஒரு வருஷம் ஆகும், இப்பவே பிரஸ் கான்ஃபரன்ஸை அசிஸ்டெண்ட் தலைல கட்டிட்டுத் தான் எல்லாரும் ஆடுறோம். எந்த ரியலிசத்தை விடணும்னு தெரியுறதும் கேம் செய்றவன் வேலை தானே.

சட்ட திட்டத்துல எஃப்எம்மை அடிச்சுக்க ஆளில்ல. பிஎஸ்எல்ல வெளிநாட்டு ஆள் அஞ்சு பேர் தான்கிறதுல இருந்து இங்கிலாந்து வொர்க் பெர்மிட் வரைக்கும் உள்ள இருக்கு. நம்ம ஊர் ஃபார்வேர்ட் பெர்சி டாவை இங்கிலாந்து கிளப் பிரைட்டன் 2018ல வாங்கினாங்க, பெர்மிட் கிடைக்கல, பெல்ஜியத்துல யூனியன் செயிண்ட் ஜில்வாஸ், கிளப் ப்ரூக்ஹ, ஆண்டர்லெக்ட்னு மூணு டீம் லோன்ல சுத்திட்டு 2021 ஜனவரில தான் பிரைட்டனுக்கே போய்ச் சேந்தாரு, அதே வருஷம் எகிப்து கிளப் அல் அஹ்லிக்குக் கிளம்பிட்டாரு. நீங்க கேம்ல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனை இங்கிலாந்துக்கு விக்கப் பாருங்க, அச்சு அசலா இதே பாடு படுவீங்க. ஆனா அந்த ரெண்டரை வருஷம் பெர்சி மனசுல என்ன ஓடியிருக்கும்கிறது கேம்ல வராது, அந்த இடத்துல மட்டும் அண்ணா பக்கம்.

உம்பிலோ, எனக்கு உங்க மேல தான் கேள்வி. வாக்கு குடுக்கும்போதே வெளிநாட்டு கிளப்புக்குத் தான்னு சொல்ல வழியில்லன்னு தெரியுமில்ல? அப்ப வாக்கே குடுக்காம காண்ட்ராக்ட்ல ரிலீஸ் கிளாஸ் போட்டிருக்கலாம். தொகை எழுத்துல இருக்கும், வந்தா போவான், வரலன்னா வாயைத் திறக்க மாட்டான். ஏஜெண்ட் ரொம்பக் கம்மியாக் கேட்டா எந்திரிச்சு வந்துரணும், அவ்வளவு தான். சின்ன கிளப் நடத்துறவங்க எல்லா நல்ல பசங்களுக்கும் இதைப் போட்டே ஆகணும்.

உம்பிலோ9

எல்லாருக்கும் நன்றி. பாத்துட்டேன், பையன் டீம் லீடர் தட்டுல தான் இருக்கான், கேப்டனோட அதே குரூப், நைட் ப்ரோ சொன்னது அப்படியே. பெர்சனாலிட்டி ஆம்பிஷியஸ்னே போட்டிருக்கு.

தனியா கூப்பிட்டு விலை சொன்னேன், அவன் மதிப்புக்குக் கொஞ்சம் மேல. ஒத்துக்கிட்டான்! கேப்டன் முகம் பச்சைக்கு வந்துருச்சு, நடுவுல ரெண்டு லெஃப்ட் பேக் மட்டும் இன்னும் ஆரஞ்சு. ரீலோட் பண்ணல. ஆனா ஒண்ணு நான் விட்டுக் குடுக்க மாட்டேன், லீக்ல நமக்கு மேல நிக்கிற டீமுக்கு ஜனவரில ஆளை விக்காத மேனேஜரை வாக்கு தவறினவன்னு சொல்றது தப்பு, அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு பதிலாவது குடுத்திருக்கணும்.

பீனிக்ஸ் ப்ரோ, ரிலீஸ் கிளாஸை வெளிநாட்டு கிளப்புக்கு மட்டும்னு போட முடியுமா, ஏஜெண்ட் ஒத்துப்பானா? அடுத்த இன்டேக்ல ஒரு விங்கர் பையன் வந்திருக்கான், அவனோட நாளைக்கு ராத்திரி பேசணும்.