ஊர்க் கழகத்தைப் பணம் தருபவரிடம் ஒப்படைக்கலாமா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தைப் பொறுப்பேற்க, வெளிநாட்டில் வாழும் நம்மூர் வர்த்தகர் ஒருவர் முன்வந்திருப்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கடனை அடைப்பார், பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பார், ஜேர்சியும் பூட்ஸும் வாங்கித் தருவார். பதிலுக்கு அவருடைய நிறுவனத்தின் பெயர் கழகப் பெயருக்கு முன்னால் வரவேண்டும், சொந்த மைதான ஆட்டங்கள் மட்டக்களப்பு நகரத்தில் நடக்கவேண்டும், நிர்வாகக் குழுவை அவரே நியமிப்பார். இவற்றில் கடைசி இரண்டையும் ஏற்றுக்கொண்டால் எங்களிடம் மிஞ்சுவது லீக்கில் உள்ள பதிவு மட்டுமே.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகத்துக்கு நேர்ந்ததை நண்பர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 1988இல் லிவர்பூலை 1-0 என வென்று, அந்நாட்டின் முக்கிய வெற்றிக் கிண்ணமான எப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றிய கழகம் அது. 1991இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வேறொரு கழகத்தின் மைதானத்தில் குடியிருந்தது. 2002இல் மூவர் கொண்ட ஆணைக்குழு, இருவர் ஆதரவும் ஒருவர் எதிர்ப்புமாக, அதை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் விம்பிள்டன் பொதுவெளியில் தெரிவுப் பயிற்சி வைத்து, வந்த ஏறத்தாழ 230 பேரிலிருந்து அணியைத் தேர்ந்து, இங்கிலாந்து லீக் படிநிலையின் ஒன்பதாம் அடுக்கில் ஏ.எப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டுகளில், 2011இல், தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள்.

மண்முனை வாசகன்:
வாவிக்கரையான் அண்ணனின் கதை உருக்கமானதுதான், ஆனால் எங்கள் வழக்குக்குப் பொருந்தாது. விம்பிள்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். எங்களுக்கோ, 2014இல் வாவிக்கு மேலாக மண்முனைப் பாலம் திறந்த பிறகு, நகரத்துப் பக்கம் போகத் துறையில் படகுக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. நகரத்து வெபர் மைதானத்தில் ஆட்டம் என்றால் ஊர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஆட்டம் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள். இதை நாடுகடத்தல் போலப் பேசுவது மிகை.

இன்னொன்று. பணம் படைத்தவரை ரசிகர்கள் தாமே வரவேற்ற கதையும் இங்கிலாந்தில் உண்டு. 2008இல் எப்.ஏ. கிண்ணம் வென்ற போர்ட்ஸ்மவுத், கடனில் மூழ்கிக் கீழிறங்கியபோது, 2013இல் ரசிகர் அமைப்பே அதை வாங்கிக் காப்பாற்றியது. நான்கே ஆண்டுகளில், டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் விற்கச் சம்மதமா என்று கேட்டபோது, பெரும்பான்மையான ரசிகப் பங்காளர்கள் சம்மதம் என்றே வாக்களித்தார்கள். அவர்களுக்குக் கழகத்தின் மீது பற்று இல்லை என்று யார் சொல்வது?

படுவான் பொண்ணு:
மண்முனை வாசகன் அண்ணன் அவர்களே, நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. போர்ட்ஸ்மவுத்தில் விற்பதா வேண்டாமா என்று ரசிகர்களைக் கேட்டார்கள், எண்ணினார்கள், பிறகு விற்றார்கள். இங்கே பொதுச்சபையைக் கூட்டியது யார்? ஒப்பந்த வரைவைப் பார்த்த அங்கத்தவர் எத்தனை பேர்?

இன்னொரு விடயத்தையும் ஆண்கள் யாரும் எழுதவில்லை. ஒவ்வொரு ஆண்டும் மாரி மழையில் மைதானம் குளமானபின், தண்ணீர் வற்றியதும் மணல் கொட்டுவது யார், சுண்ணாம்புக் கோடு போடுவது யார், கிழிந்த கோல் வலையை மடியில் போட்டு நூலால் முடிந்து தருவது எந்த மீன்பிடிக் குடும்பங்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் நகரத்துக்குப் போனால் இந்த வேலை ஒன்றும் இல்லாமல் போய்விடும். வேலை போனபின் எங்களைக் கூட்டத்துக்கு அழைக்கவேண்டிய தேவையும் யாருக்கும் இருக்காது.

மண்முனை வாசகன்:
தங்கச்சி, வரைவை அங்கத்தவர் பார்க்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டத்தைக் கூட்டுங்கள், நானும் வருவேன். ஆனால் ரசிகர்களின் ஆட்சி என்றால் எல்லாம் நன்றாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் பிடித்த ஏ.எப்.சி. விம்பிள்டனே, தான் விளையாடிய கிங்ஸ்மெடோ மைதானத்தைச் செல்சி கழகத்துக்கு விற்றது. அங்கே நெடுங்காலம் விளையாடி, வாடகைக்கு இருந்த கிங்ஸ்டோனியன் கழகம் 2017இல் வெளியேறவேண்டியதாயிற்று. ஊரை இழந்தவர்கள் இன்னொரு கழகத்தை ஊரை விட்டு அனுப்பினார்கள். நல்லெண்ணம் உள்ளவர்களும் நெருக்கடி வந்தால் கணக்குத்தான் பார்ப்பார்கள்.

வாவிக்கரையான்:
கிங்ஸ்டோனியனுக்கு நடந்தது அநியாயம். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த விற்பனைப் பணம் எதற்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. பழைய மைதானம் இருந்த தெருவிலேயே புதிய பிளவ் லேன் கட்டப்பட்டு, 2020 நவம்பரில் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. கட்டுமானத்துக்குப் பணம் குறைந்தபோது, பெரும்பான்மைப் பங்கை ஒரு முதலீட்டாளரிடம் கொடுக்காமல், ரசிகர்களுக்குக் கடன் பத்திரம் விற்று 50 இலட்சம் பவுணுக்கும் மேல் திரட்டினார்கள். கழகத்தின் கட்டுப்பாடு இன்றுவரை ரசிகர் அமைப்பிடம்தான் இருக்கிறது. அங்கத்தவருக்கு ஆளுக்கொரு வாக்கு.

எங்கள் மைதானம் பிரதேச சபையுடையது, அதை எவரும் விற்க முடியாது என்று நீங்கள் அடுத்துச் சொல்வீர்கள். சரி. விற்க முடியாத மைதானம் ஆட்டமில்லாமல் கிடந்தால் மாடு மேயும், மூன்றாம் ஆண்டு அதற்குள் வேறு கட்டடம் வரும். பார்க்காத ஊரா நாம்?

கல்முனை ரசிகன்:
நான் வெளியூர்க்காரன், கல்முனையில் இருந்து எழுதுகிறேன். ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா எங்கள் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் அந்தத் தடையை நீக்கியது. நிர்வாகத்தில் நடந்த குளறுபடிக்கு விளையாட்டு வீரர்கள் சர்வதேச ஆட்டமின்றி இருந்தார்கள். மேலிடத்தில் யாரோ எடுக்கும் முடிவுக்குக் கீழே இருப்பவர் பொறுக்கவேண்டியது நமக்குப் புதிதல்ல. ஆகவே நியமனக் குழு என்பதில் மிகக் கவனமாக இருங்கள். பெயர்ப் பலகைக்காக அடிபடாதீர்கள், அதை ஒரு நாளில் மாற்றலாம்.

படுவான் பொண்ணு:
கல்முனை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், பெயரை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தவிர. எனது யோசனை இதுதான். அனுசரணை ஏற்கலாம், ஜேர்சியில் நிறுவனத்தின் பெயர் வரலாம். நிர்வாகக் குழுவைப் பொதுச்சபையே தேர்ந்தெடுக்கவேண்டும். கழகப் பெயரையும் மைதானத்தையும் மாற்றுவதென்றால் அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினரின் வாக்கு வேண்டும் என்று முதலில் யாப்பில், அதாவது கழகத்தின் சட்டவிதிகளில், எழுதுவோம், பிறகு வர்த்தகர் ஐயாவிடம் பேசுவோம். அவர் இதையும் ஏற்காவிட்டால் அவர் வாங்க நினைப்பது எதை என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

மண்முனை வாசகன்:
யாப்பில் எழுதுவது இலகு. போர்ட்ஸ்மவுத்தில் ரசிகர்கள் ஒரு பங்குக்கு 1,000 பவுண் போட்டார்கள், அதனால்தான் அங்கே பேச்சுக்கு மதிப்பு இருந்தது. எங்கள் அங்கத்தவரில் பாதிப்பேர் சென்ற ஆண்டுச் சந்தாவே கட்டவில்லை, பொருளாளர் வீடு வீடாய் நடந்து களைத்துவிட்டார். வர்த்தகர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த பருவத்துக்கான பயிற்றுநரின் சம்பளம், பஸ் செலவு, நடுவர் கட்டணம் இவை மூன்றையும் யார் எவ்வளவு தருவார்கள் என்று ஒரு தாளில் பெயரோடு எழுதி, கூட்டத்துக்கு முன் சபையில் வைக்கட்டும். அந்தத் தாள் வந்தால் நானே மூன்றில் இரண்டு பங்குத் திருத்தத்தை முன்மொழிகிறேன். வராவிட்டால் என் கை வர்த்தகருக்கு ஆதரவாகத்தான் உயரும்.