சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கொலஸ்ட்ரால்தான் இறங்கவில்லை

அண்ணனுக்கு வயது 46. 2018-இல் அம்மா கொடுத்த சிறுநீரகம், அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.4-லேயே நிற்கிறது. பயமெல்லாம் இதயத்தைப் பற்றித்தான். ஆறு மாதமாக எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 140-க்குக் கீழே வரவில்லை, உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் கூடுதல். எக்கோ, இ.சி.ஜி. சரி.

கொலஸ்ட்ராலைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. போடுகிறார். கூடவே, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க சைக்ளோஸ்போரின் எடுப்பதால், ரத்தத்தில் அடோர்வாஸ்டாட்டின் ஏறித் தசையைப் பாதிக்கும் என்று டாக்டர் அளவைக் கூட்டவில்லை. ஆட்டுக்கறி, பலகாரம் நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் 24-லிருந்து 15 ஆனது. ஆனால் சிறுநீரகம் மாற்றியவர்களிடம் நடத்தி 2011-இல் வந்த ஃபேவரிட் ஆய்வில், அது இறங்கியும் மாரடைப்பு குறையவில்லை. அதனால் அதில் எனக்கு நிம்மதியில்லை.

மதுரையில் இருக்கிறோம், அடுத்த வாரம் செக்கப். சைக்ளோஸ்போரினிலிருந்து, அதே வேலைக்கான டாக்ரோலிமஸுக்கு மாறியவர்களுக்கு எல்.டி.எல்., கிரியேட்டினின் இரண்டும் அப்புறம் எப்படி இருந்தன?