நாட்டுக்குள்ளேயே இடம் மாறியபோது மாதச் செலவு எப்படி மாறியது? – உறுப்பினர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் குடிபெயர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அங்கே விலைவாசி எப்படி?" என்பதுதான். இதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. பெருநகரத்தை விட்டுச் சிறுநகரத்துக்குப் போன குடும்பம், நினைத்த அளவுக்குச் செலவு குறையவில்லை என்கிறது. அந்தச் சிறுநகரத்தை விட்டுப் பெருநகரத்துக்கு வந்த குடும்பமோ, சம்பளம் கூடியும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை என்கிறது. இரண்டு குடும்பங்களும் உண்மையைத்தான் சொல்கின்றன என்பது என் கருத்து. ஆகவே, இரண்டு பகுதிகளில் வாழ்ந்து, வரவு செலவை எழுதி வைத்த பழக்கமுள்ள உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே பகிர வேண்டுகிறேன். பொருள்களின் விலைப் பட்டியலைக் காட்டிலும், குடும்பச் செலவில் எந்த இனம் வீங்கியது, எது சுருங்கியது என்பதே இடம் மாறப் போகிறவருக்கு உதவும்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். பணி இடமாற்றத்தால் தலைநகரிலிருந்து உள்நாட்டு மாவட்டம் ஒன்றுக்குச் சென்றோம். வாடகை பாதிக்கும் கீழே இறங்கியது. வீடும் முன்பைவிடப் பெரியதாக அமைந்தது. அந்த மகிழ்ச்சியில் முதலில் கண்ணில் படாமல் போனது பயணச் செலவு. தலைநகரில் பொதுப் போக்குவரத்துக்கான மாதச் சீட்டு ஒன்றே எங்கள் இருவருக்கும் போதுமான ஏற்பாடாக இருந்தது. புதிய இடத்தில் பேருந்து அரிது என்பதால் ஆளுக்கொரு வண்டி தேவைப்பட்டது. எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு, வண்டிக்கடனின் மாதத் தவணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வாடகையில் மிச்சமானதில் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டன. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பெருநகரத்துக்கே திரும்பிப் போய் ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மொத்தச் செலவு குறைந்தது என்பது உண்மை. ஆனால் நகரத்துக்கென்று தரப்பட்ட படியும் சம்பளத்திலிருந்து கழிந்துவிட்டதால், மாதக் கடைசியில் மிஞ்சிய தொகை ஏறத்தாழ முன்பு இருந்த அளவிலேயே நின்றது. செலவை மட்டும் ஒப்பிடாமல், மிஞ்சும் தொகையை ஒப்பிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தீவுப் பகுதியில் பணியாற்றிய ஆசிரியை

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நேர்மாறான அனுபவம் எங்களுடையது. நானும் கணவரும் பெருநிலப் பகுதியிலிருந்து, அதே நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவில் பணியேற்றோம். அங்கே வாடகை அதிகமில்லை. ஆனால் கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவது. கப்பல் கட்டணம், கிடங்கு வாடகை, கெட்டுப்போகும் சரக்கின் இழப்பு எல்லாம் விலையில் ஏறுகின்றன. விற்பவர்கள் மிகச் சிலரே என்பதால் போட்டியும் இல்லை. இது எங்கள் தீவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2022 ஆம் ஆண்டுக்குச் செய்த ஒப்பீட்டில், கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கின் மொத்த விலைநிலை பிரான்சின் ஐரோப்பியப் பகுதியைவிடச் சுமார் 14 விழுக்காடும், உணவுப் பொருள்களின் விலை மட்டும் சுமார் 40 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. அருகிலுள்ள இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப்பில் 2009 இல் விலைவாசியை எதிர்த்து நடந்த பொது வேலைநிறுத்தம் 44 நாள்கள் நீடித்தது. கனடாவின் வடகோடிச் சிற்றூர்களுக்கு உணவு கொண்டுசெல்ல அந்நாட்டு அரசு 2011 முதல் தனி மானியத் திட்டமே நடத்தி வருகிறது. ஒதுக்குப்புறமான இடம் என்றால் மலிவான இடம் என்று எண்ணுபவர்கள் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கணக்கில் நான் கண்ட ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தீவுக்குப் போன புதிதில், பெருநிலத்தில் வாங்கிய அதே பொருள்களை அங்கேயும் வாங்கினோம். செலவு மிகவும் உயர்ந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழக்கம் மாறியது. அங்கேயே விளைவதையும் அங்கேயே பிடிபடுவதையும் வாங்கத் தொடங்கினோம். வெளியிலிருந்து வரும் பொருள்களைக் குறைத்தோம். அப்படி மாறிய பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே பொருள்களைப் பெருநிலத்தில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, இரு இடங்களுக்கும் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. இடங்கள் அவையேதாம், எந்த ஊர்க் கூடையை, அதாவது எந்த ஊரார் வாங்கும் பொருள்களின் பட்டியலை, வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதே விடையை மாற்றுகிறது. அவரவர் பழகிய பட்டியலோடு போகிறவருக்குப் போகும் இடம் எப்போதும் சற்றுக் கூடுதல் விலையாகவே தெரியும். இழையைத் தொடங்கியவர் குறிப்பிட்ட இரு குடும்பங்களின் முரணுக்கும் இதில் ஒரு பகுதி விளக்கம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

வீட்டிலிருந்தபடி பணிபுரிபவர்

சுருக்கமாக எழுதுகிறேன். அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்ற நிலை வந்ததும், பெருநகரச் சம்பளத்தோடு மலைப்பகுதிச் சிறுநகரம் ஒன்றில் குடியேறினேன். தொடக்கத்தில் சேமிப்பு நன்றாகக் கூடியது. என்னைப் போலவே பலரும் வந்து சேர்ந்ததில் அங்கே வாடகை ஏறியது. எனக்கு அது தாங்கக்கூடிய உயர்வு. ஆனால் அவ்வூர்ச் சம்பளத்தில் வாழ்ந்த பக்கத்து வீட்டுக் குடும்பம் ஊரின் வெளிப்புறத்துக்குப் போக நேர்ந்தது. மலிவான பகுதி என்று நாம் சொல்லும்போது, யாருடைய வருமானத்துக்கு மலிவு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

விலை சேகரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்

நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காகக் கடை கடையாகச் சென்று விலை குறித்து வருவது என் வேலையாக இருந்தது. அந்த வேலையில் இருந்தபோது என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி இது: "அந்த நகரத்தின் குறியீட்டெண் எங்கள் நகரத்தைவிடக் குறைவாக இருக்கிறதே, அப்படியானால் அங்கே வாழ்க்கைச் செலவு குறைவுதானே?" அந்த முடிவுக்கு வர முடியாது. ஒவ்வொரு நகரத்துக்கும் அடிப்படை ஆண்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எவ்வளவு ஏறியது என்பதையே அந்த எண் காட்டுகிறது. தொடக்கத்திலேயே விலை உயர்ந்திருந்த நகரத்தில் ஏற்றம் மெதுவாக இருந்தால் அதன் எண் சிறியதாக இருக்கும். அந்த நகரத்தின் விலை அதனால் குறைந்துவிடாது. இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்கு வேறு வகைக் கணக்கு வேண்டும். அதைத் தொடர்ந்து செய்து வெளியிடும் நாடுகள் குறைவு.

ஆசிரியை அம்மையார் தம் வீட்டுக் கணக்கிலிருந்து கண்டுபிடித்தது, எங்கள் துறையில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். 1871 இல் ஜெர்மானியப் பொருளியலாளர் லாஸ்பியர்ஸ் தொடக்க நிலையின் கூடையை (நம் கணக்கில், புறப்பட்ட இடத்துப் பட்டியலை) வைத்துக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். 1874 இல் இன்னொரு ஜெர்மானியரான பாஷே மற்ற நிலையின் கூடையை (போய்ச் சேரும் இடத்துப் பட்டியலை) வைத்துக் கணக்கிட்டார். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1922 இல் இரண்டின் பெருக்குச் சராசரியைப் பரிந்துரைத்தார். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்: நம் பட்டியலைக் கொண்டு பார்த்தால் அந்த இடம் 44 விழுக்காடு கூடுதல், அவ்விடத்துப் பட்டியலைக் கொண்டு பார்த்தால் 21 விழுக்காடே கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 1.44 ஐயும் 1.21 ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.32, அதாவது நியாயமான மதிப்பீடு 32 விழுக்காடு. மேலே சொல்லப்பட்ட இன்சே நிறுவனமும் இப்படி இருபுறமும் கணக்கிட்டே தன் முடிவை வெளியிடுகிறது. இதைச் செய்ய வல்லுநர் தேவையில்லை. இரு பகுதிகளிலும் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தால் போதும்; ஒருவர் பட்டியலை மற்றவர் ஊரில் விலைபோட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் மாநிலவாரியாக வெளியிடும் விலைநிலை ஒப்பீட்டில், நாட்டுச் சராசரியை 100 என்று கொண்டால் கலிஃபோர்னியா 2023 இல் 112 ஐச் சற்றுத் தாண்டி நின்றது. ஆர்கன்சா 87 க்கு அருகில் நின்றது. வாடகையைத் தனியே பிரித்துப் பார்த்தால் கலிஃபோர்னியா 150 ஐத் தாண்டுகிறது, மலிவான மாநிலங்கள் 70 க்கும் கீழே இறங்குகின்றன. வாங்கி எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களில் இந்த அளவு வேறுபாடு இருப்பதில்லை, ஏனென்றால் விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்கு வணிகர் அவற்றைக் கொண்டுபோய்விடுவார். நிலத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. ஆகவே சாலைத் தொடர்புள்ள இரு பகுதிகளை ஒப்பிடுபவர், சந்தை விலைகளை அலசுவதில் செலவிடும் நேரத்தை வாடகையை நன்றாக விசாரிப்பதில் செலவிடலாம்.

அடுத்து வருவது ஆள் உழைப்பு. முடிதிருத்துதல், துணி தைத்தல், குழந்தை பார்த்துக்கொள்ளுதல், வீட்டு வேலை ஆகியவை கூலி குறைந்த பகுதிகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த மலிவு, ஆள் வைப்பவருக்கு ஆதாயம். அந்த வேலையைச் செய்பவருக்கோ அதுவே வருமானக் குறைவு. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857 இலேயே காட்டியபடி, வருமானம் குறையக் குறைய உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகிறது. சாலைத் தொடர்புள்ள பகுதிகளுக்கிடையே உணவு விலையோ அவ்வளவாக மாறுவதில்லை. எனவே ஒரு பகுதியின் சராசரி விலைநிலை 10 விழுக்காடு குறைவு என்று வெளியிடப்பட்டால், அங்கே வாழும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த முழுச் சலுகையும் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் விலை குறித்த கடைகளில் மிகச் சிறிய பொட்டலமாக வாங்குபவர்களையே அதிகம் பார்த்தேன். எடைக்கு எடை கணக்கிட்டால் அவர்கள் கொடுத்த விலை, மொத்தமாக வாங்கியவர் கொடுத்ததைவிடக் கூடுதல்.

தொழிற்சங்கத்தில் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் பங்கேற்றவர்

முதல் பதிவில் நகரப் படி கழிந்ததைப் படித்தேன். அதைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறேன். இப்படிகள் எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகின்றன என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, பெரும்பாலும் அவை வாழ்க்கைச் செலவை நேரடியாக அளப்பதில்லை. இந்தியாவில் நடுவண் அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படி, நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள நகரங்கள் ஒரு வகை, 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை இன்னொரு வகை, மற்றவை மூன்றாம் வகை. 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு தரப்படுகிறது. மக்கள்தொகை குறைவாக இருந்தும் சுற்றுலாவாலோ தொழிற்சாலைகளாலோ வாடகை உயர்ந்துவிட்ட ஊரில் பணியாற்றுபவருக்கு இந்த முறையில் குறையே மிஞ்சும். அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டாட்சி ஊழியருக்குத் தரப்படும் வட்டாரச் சம்பளம், அந்தந்த வட்டாரத்தில் பிற முதலாளிகள் கொடுக்கும் சம்பளத்தையே அளவுகோலாகக் கொள்கிறது.

இத்தாலி இன்னொரு வழியை முயன்றது. 1954 இல் நாட்டை 14 ஊதிய மண்டலங்களாகப் பிரித்தார்கள். 1961 இல் அவற்றை 7 ஆகக் குறைத்தார்கள். தெற்கில் வாழ்க்கைச் செலவு குறைவு, ஆகவே ஊதியமும் குறைவாக இருக்கலாம் என்பதே அதன் வாதம். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்ற தொழிலாளர் போராட்டங்களின் விளைவாக 1969 இல் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். நான் தொழிலாளர்களின் பக்கமே நிற்கிறேன். வாழ்க்கைச் செலவு குறைவு என்ற காரணம் ஊதியத்தைக் குறைக்கப் பயன்படும்போது, அந்தப் பகுதியில் நல்ல மருத்துவமனையும் போக்குவரத்தும் இல்லாததால் தொழிலாளி தன் கையிலிருந்து செலவழிக்கும் தொகை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இடமாற்ற ஆணை கையில் கிடைத்தவர்கள் கையெழுத்திடும் முன், எந்தப் படி நின்றுவிடும், எது தொடரும் என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்காகச் சொந்தப் பகுதிக்குத் திரும்பியவர்

இதுவரை எழுதிய அனைவரும் மாதக் கணக்கைப் பேசியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை நீண்டகால வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சேமிப்பின் தொகை. விலை உயர்ந்த பகுதியில் அதிகச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிப்பவர், மலிவான பகுதியில் குறைந்த சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைச் சேமிப்பவரைவிடக் கூடுதல் பணம் சேர்த்திருக்கக்கூடும். அந்தப் பணத்தை எந்தப் பகுதியில் செலவழிக்கப் போகிறோம் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. முதுமையில் மலிவான பகுதிக்குத் திரும்ப உறுதி கொண்டவருக்குப் பெருநகர ஆண்டுகள் உதவும். பெருநகரத்திலேயே தங்க நினைப்பவருக்கு அதே சேமிப்பு போதாது.

இன்னொன்று, வீடு. பெருநகரத்தில் வைத்திருந்த வீட்டை விற்றுவிட்டுத் திரும்பினோம். இங்கே அதைவிடப் பெரிய வீடு வாங்கி, கையிலும் பணம் மிஞ்சியது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள முடிந்ததில் எனக்கு முழு நிறைவு உண்டு. ஆனால் பிள்ளைகள் வேலைக்காக மீண்டும் அந்த நகரத்துக்குப் போக வேண்டி வந்தபோது, இங்குள்ள வீட்டை விற்றாலும் அங்கே ஒரு சிறு குடியிருப்பு வாங்க இயலாது என்ற நிலை. இரு பகுதிகளின் வீட்டு விலைகளும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. இப்போது இதே முடிவை எடுக்கும் நிலையில் உள்ள உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள்: குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது பழைய வீட்டை வாடகைக்கு விட்டு வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். கணவன், மனைவி இருவரும் வேலை பார்ப்பவர்களானால், இரண்டாவது ஆளுக்கு அங்கே வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்பதையும் முதல் ஆண்டுக் கணக்கில் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.