போர்ட்சோக்கன் வார்டு: வீட்டுக்காரருக்கு வாக்கா, அலுவலகத்துக்கு வாக்கா?

தேம்ஸ்கரையான்:
லண்டன் மாநகருக்கு நடுவில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில் இன்னொரு நகரம் இருக்கிறது. பெயர் சிட்டி ஆஃப் லண்டன். தனி மன்றம், தனி லார்ட் மேயர், தனிக் காவல்துறை என்று எல்லாம் அதற்கு உண்டு. 25 வார்டுகள், வார்டுக்கு ஓர் ஆல்டர்மேன் (மூத்த மன்ற உறுப்பினர்), மொத்தம் 100 கவுன்சிலர்கள். பழைய மதிலுக்கு வெளியே, கிழக்கு ஓரத்தில், ஆல்ட்கேட்டை ஒட்டி இருப்பது போர்ட்சோக்கன் வார்டு. நான்கு கவுன்சிலர்கள். மிடில்செக்ஸ் தெரு, மேன்செல் தெரு ஆகிய இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான் அதன் உயிர். ஒரு தெருவைத் தாண்டினால் டவர் ஹேம்லெட்ஸ் என்ற வேறொரு பரோ, அதாவது லண்டனின் இன்னோர் உள்ளாட்சிப் பகுதி.

இந்த நகரத்தில் மனிதர்கள் மட்டும் வாக்களிப்பதில்லை. நிறுவனங்களுக்கும் வாக்கு ஒதுக்கீடு உண்டு. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் உள்ளாட்சித் தேர்தலின் வணிக வாக்கை 1969இலேயே ஒழித்துவிட்டார்கள். சிட்டியில் மட்டும் அது மிஞ்சியது. மிஞ்சியதோடு நிற்காமல், 2002இல் சட்டம் போட்டு அதைப் பெருக்கினார்கள். இது மக்களாட்சிதானா? சிட்டியில் வேலை பார்க்கும் நண்பர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் நியாயத்தைச் சொல்லுங்கள்.

கூட்டல்கழித்தல்:
நான் இருக்கிறேன். போர்ட்சோக்கனுக்குப் பக்கத்து வார்டில் என் அலுவலகம். அலுவலகம் நியமித்த வாக்காளர்களில் நானும் ஒருவன். எனவே என் நியாயம் இது.

2021 கணக்கெடுப்பின்படி சிட்டியில் குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். தினமும் வந்து வேலை செய்பவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். தெருவைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, எந்தக் கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்று முடிவு செய்வது எல்லாம் இந்த மன்றம்தான். வீட்டுக்காரர் மட்டும் வாக்களிக்க வேண்டும் என்றால், எட்டாயிரத்துச் சொச்சம் பேர் ஐந்து லட்சம் பேரின் பகல் பொழுதைத் தீர்மானிப்பார்கள். வணிக வரியில் தனக்கென்று ஒரு கூடுதல் விகிதம் வைத்துக்கொள்ளும் அதிகாரமும் இந்த மன்றத்துக்கு உண்டு. வரி வாங்கும் மன்றத்தில் வரி கட்டுபவனுக்குக் குரல் வேண்டாமா?

சும்மா படிப்பவன்:
ஒரு சந்தேகம். கம்பெனி எப்படி வாக்களிக்கும்? மேலாளர் போய்க் கைநாட்டு வைப்பாரா?

கூட்டல்கழித்தல்:
இல்லை. கம்பெனி ஆட்களை நியமிக்கும். அவர்கள் தனி மனிதர்களாக ரகசிய வாக்குப் போடுவார்கள். ஒன்பது பேர் வரை வேலை செய்யும் இடத்துக்கு ஒரு வாக்காளர். பத்து முதல் ஐம்பது வரை, ஐந்து பேருக்கு ஒருவர். அதற்கு மேலே போனால் பத்து வாக்காளர், கூடவே ஐம்பதைத் தாண்டிய ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒருவர். 500 பேர் இருந்தால் 19 வாக்காளர். 3,500 பேர் இருந்தால் 79.

கணக்கைக் கவனியுங்கள். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு ஐந்தில் ஒரு வாக்கு கிடைக்கிறது. 3,500 பேர் வேலை செய்யும் வங்கிக்கு நாற்பத்து நான்கில் ஒன்று. பெரிய முதலாளிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

கயல்:
கூட்டல்கழித்தல் அண்ணா, அந்த 79 பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை மட்டும் அழகாக விட்டுவிட்டீர்கள். நிர்வாகம்தானே? ஊழியர்களின் கலவை பட்டியலில் தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரவு பதினோரு மணிக்கு வந்து மேசை துடைக்கும் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? பல இடங்களில் அவர் அந்தக் கட்டடத்து நிறுவனத்தின் ஊழியரே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். அவருடைய பகல் பொழுதும் சரி, இரவுப் பொழுதும் சரி, யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

ஓலைக்கட்டு:
இந்த வார்டின் பழைய கதை தெரியாமல் பேசினால் எல்லாம் 2002இல் தொடங்கியது போலத் தோன்றும்.

பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ பதிவு செய்த ஐதீகம் இது: எட்கர் மன்னரிடம் பதின்மூன்று வீரர்கள் இந்த நிலத்தைக் கேட்டார்களாம். ஒவ்வொருவரும் மூன்று சண்டையில் வெல்ல வேண்டும், தரைக்கு மேலே ஒன்று, தரைக்கு அடியில் ஒன்று, தண்ணீருக்குள் ஒன்று என்று மன்னர் நிபந்தனை போட்டாராம். வென்று வாங்கினார்களாம். கதை கதையாக இருக்கட்டும். அந்த வீரர் குழுவின் வழிவந்தவர்கள் 1125இல் நிலத்தை ஆல்ட்கேட்டின் ஹோலி டிரினிட்டி துறவு மடத்துக்கு எழுதிக் கொடுத்தது வரலாறு. அன்று முதல் மடத்தின் தலைவர் யாரோ அவரே போர்ட்சோக்கனின் ஆல்டர்மேன். தேர்தல் கிடையாது. நானூறு ஆண்டுகள் இப்படி நடந்தது. மற்ற ஆல்டர்மேன்களோடு அவரும் துறவி உடையில் குதிரையில் ஊர்வலம் போவதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்ததாக ஸ்டோவே எழுதியிருக்கிறார். 1532இல் மடம் எட்டாம் ஹென்றியின் கைக்குப் போனது. அதோடு அந்த வழக்கம் முடிந்தது.

சொல்ல வந்தது இதுதான். இந்த நகரத்தில் ஓர் அமைப்புக்கு, ஒரு சங்கத்துக்கு, ஒரு தொழிலுக்கு அரசியல் உரிமை இருப்பது அதன் எலும்பிலேயே உள்ளது. நாடாளுமன்றத்துக்கும் மூத்த ஊர் அது. சென்னை மாநகராட்சி 1688இல் மேயரும் ஆல்டர்மேன்களுமாகத் தொடங்கியதே இந்த அச்சில்தான். நேற்று வந்த தத்துவத்தைக் கொண்டு இன்று அதை அளக்காதீர்கள்.

தேம்ஸ்கரையான்:
ஓலைக்கட்டு ஐயா, அருமையான கதை. ஆனால் உங்கள் கதையே என் வாதம். மடத் தலைவர் தேர்தல் இல்லாமல் ஆல்டர்மேனாக அமர்ந்தது நிலம் அவர் கையில் இருந்ததால். நிலம் போனதும் பதவி போனது. அந்த ஏற்பாட்டைத்தான் இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்குள் குடியேற்றி வைத்திருக்கிறீர்கள்.

சென்னையை இழுத்தது நீங்கள், அதனால் சொல்கிறேன். 1688இன் அந்த ஆல்டர்மேன்களைச் சாசனமே பெயர் குறிப்பிட்டு நியமித்தது. ஊரார் ஒருவரும் வாக்குப் போடவில்லை. நல்ல முன்மாதிரிதான்!

ஓலைக்கட்டு:
சரி, வாக்குப் போட்ட கதைக்கு வருவோம். டேவிட் சாலமன்ஸ் என்ற யூத வங்கியாளர். 1835இல் ஆல்ட்கேட் வார்டு அவரை ஆல்டர்மேனாகத் தேர்ந்தெடுத்தது. பதவிப் பிரமாணத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தின் மேல் ஆணை என்ற சொற்கள் வரும். அவர் அதைச் சொல்ல மறுத்தார், பதவி கிடைக்கவில்லை. 1844இல் நம் போர்ட்சோக்கன் அவரைத் தேர்ந்தெடுத்தது. மறுபடியும் அதே தடை. 1845இல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. 1847இல் கார்ட்வெய்னர் வார்டிலிருந்து வென்று பதவி ஏற்றார். 1855இல் லண்டனின் முதல் யூத லார்ட் மேயர் ஆனார். பின்னாளில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தை நிறுவிய மார்கஸ் சாமுவேலும் போர்ட்சோக்கனின் ஆல்டர்மேன்தான். 1902இல் லார்ட் மேயர்.

நாட்டின் சட்டமே பின்தங்கி நின்றபோது முன்னால் போனது இந்த வார்டின் வாக்காளர்கள். அவர்கள் யார்? நகர உரிமம் பெற்ற, வரி கட்டிய வணிகர்களும் கைத்தொழிலாளர்களும். எல்லோருக்கும் வாக்கு என்ற ஏற்பாடு அப்போது நாட்டில் எங்கும் இல்லை.

கயல்:
அவர்கள் அந்தத் தெருவிலேயே கடை வைத்து, மாடியில் குடியிருந்து, மழை ஒழுகினால் அங்கேயே நனைந்தவர்கள். அந்த வாக்காளரையும் மனிதவளத் துறை அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஆம் என்று பதில் போட்டு வாக்காளர் ஆனவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது வரலாறு ஆகாது.

கூட்டல்கழித்தல்:
அந்த மின்னஞ்சல் எனக்கு வந்தது உண்மைதான். என்னிடம் யாருக்கு வாக்களி என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரகசிய வாக்கில் யாருக்குத் தெரியப்போகிறது?

கயல், நீங்கள் பெரிய சதி போலப் பேசுகிறீர்கள். உண்மை அதைவிடச் சலிப்பானது. பதிவு செய்துகொள்ளும்படி கெஞ்சினாலும் பல நிறுவனங்கள் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பதில்லை. பல வார்டுகளில் போட்டியே இல்லாமல் தேர்தல் முடிகிறது. நகரத்தை விழுங்க வந்த முதலாளிகள் வாக்குச்சாவடிக்கு வழி கேட்டு அலைவதாக எனக்குத் தெரியவில்லை.

தேம்ஸ்கரையான்:
போட்டியே இல்லாமல் முடிவதைப் பெருமையாகச் சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான்.

2002 சட்டம் எப்படி வந்தது என்பதையும் பார்ப்போம். அதற்கு முன்பு தனி வியாபாரிகளுக்கும் கூட்டாளி நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கும் மட்டுமே வணிக வாக்கு இருந்தது. பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு இல்லை. தொழிலாளர் கட்சி சிட்டி மன்றத்தையே கலைப்போம் என்று முன்பு பேசியது. 1996இல் அதைக் கைவிட்டு, சீர்திருத்தம் போதும் என்றது. அந்தச் சீர்திருத்தம் எந்த உருவத்தில் வந்தது? கம்பெனிகளுக்கும் வாக்கு! 1998இன் இறுதியில் மன்றம் கொண்டுவந்த மசோதாவைத் தொழிலாளர் கட்சி எம்.பி. ஜான் மெக்டொனெல் போன்ற சிலர் விடாமல் எதிர்த்ததால் அது சட்டமாக நான்கு ஆண்டுகள் பிடித்தது. எதிர்த்தவர்களில் பலர் அதே கட்சிக்காரர்கள் என்பது தனி வேடிக்கை.

ஓலைக்கட்டு:
1835இன் நகராட்சிச் சட்டம் இங்கிலாந்தின் பழைய நகரங்களை எல்லாம் புரட்டிப் போட்டது; சிட்டியைத் தொடவில்லை. 1963இல் லண்டன் முழுவதையும் கலைத்து அடுக்கினார்கள், சிட்டியைத் தொடவில்லை. அதற்கு முன் 1960இல் அறிக்கை கொடுத்த அரசு ஆணையமே, தர்க்கத்துக்கு எல்லை உண்டு, சிட்டி அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது என்று எழுதிவிட்டது. இத்தனை பேர் பார்த்தும் விட்டுவைத்ததற்குக் காரணம் இருக்கும் அல்லவா?

கயல்:
இருக்கும். பணம் இருக்கிறது.

நெறியாளர்:
ஒற்றை வரி அடிகள் வேண்டாம். வார்டைப் பற்றிப் பேசுங்கள்.

கயல்:
வார்டைப் பற்றியே பேசுகிறேன். இந்தத் திரியில் இதுவரை ஒருவரும் தொடாத இடம் ஒன்று உண்டு.

சிட்டியில் குடியிருப்பு வார்டுகள் நான்கு: போர்ட்சோக்கன், குவீன்ஹைத், ஆல்டர்ஸ்கேட், கிரிப்பிள்கேட். வீடுகள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடக்கம். மற்ற இருபத்தொன்றிலும் அலுவலகத்தின் கைதான் ஓங்கும். நூறு இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இந்த நான்குக்கும் சேர்த்து. ஆக, போர்ட்சோக்கனில் குடியிருப்பவர்கள் நான்கு இடங்களையும் வென்றாலும் மன்றத்தில் ஒன்றும் அசையாது. வீட்டுக்காரர்களை நான்கு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே உங்களுக்கு முழு சுதந்திரம் என்று சொல்வது போன்ற ஏற்பாடு இது.

இந்த எல்லைகளை வரைவது யார்? இங்கிலாந்தின் மற்ற மன்றங்களுக்கு எல்லை வரைய வெளியே ஒரு சுதந்திர ஆணையம் இருக்கிறது. சிட்டியின் வார்டு எல்லைகளைச் சிட்டி மன்றமே தீர்மானித்துக்கொள்கிறது. தான் எந்த வாக்காளர்களிடம் தோற்க வேண்டும் என்பதைத் தானே கோடு போட்டுக்கொள்ளும் மன்றம் வேறு எங்காவது உண்டா?

அப்படியும் போர்ட்சோக்கன் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் சுயேச்சை என்ற போர்வையில் நிற்கும் நகரத்தில், 2014 இடைத்தேர்தலில் கட்சிப் பெயரோடு நின்ற தொழிலாளர் கட்சி வேட்பாளரை வெல்ல வைத்தது இந்த வார்டுதான். 2017இல் அக்கட்சி நகரம் முழுவதும் ஐந்து இடம் பிடித்தது. நூற்றில் ஐந்து. அதற்கே ஏதோ பூகம்பம் வந்தது போலப் பேசினார்கள்.

சும்மா படிப்பவன்:
வேறு நாட்டில் எங்காவது கம்பெனிகளுக்கு வாக்கு உண்டா?

தேம்ஸ்கரையான்:
ஆஸ்திரேலியாவில் உண்டு. சிட்னி நகர மன்றத் தேர்தலில் நிறுவனத்துக்கு இரண்டு வாக்கு என்று 2014இல் சட்டம் கொண்டுவந்தார்கள்; எதிர்ப்பு ஓயாமல் இருந்தது, 2023இல் நீக்கிவிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

கூட்டல்கழித்தல்:
மெல்பர்னில் இன்றும் இருக்கிறது, அங்கேயும் விழவில்லை. சிட்னிக்காவது இரண்டு லட்சத்துக்கும் மேல் குடிமக்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாக்கை வைத்தே அங்கே ஒரு மன்றம் நடத்தலாம். 8,600 பேரை வைத்து ஒரு காவல்துறையையும் நிதிச் சந்தையின் தலைநகரையும் நடத்த முடியுமா என்பதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். அதை விட்டுவிட்டு, நான் குடியிருக்கும் பரோவில் ஒரு வாக்கு, இங்கே ஒரு வாக்கு, இரட்டை வாக்கு என்று தொடங்காதீர்கள். இரண்டு ஊரில் முகவரி வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வாக்கு உண்டு. அவரை யாரும் கேட்பதில்லை.

தேம்ஸ்கரையான்:
பதில் சொல்கிறேன். வேலை செய்பவர்களுக்கு வாக்கு வேண்டும் என்றால் வேலை செய்பவர்களுக்கே கொடுங்கள். ஓராண்டுக்கு மேல் சிட்டியில் வேலை செய்யும் எவரும் தானே போய்ப் பெயர் சேர்க்கலாம் என்று விதி வையுங்கள். மேசை துடைக்கும் அம்மாவும் சேரட்டும், நீங்களும் சேருங்கள். நடுவில் நிர்வாகம் எதற்கு?

கூட்டல்கழித்தல்:
அப்படிச் செய்தால் ஐந்து லட்சம் பேர் பட்டியலில் வருவார்கள். போர்ட்சோக்கனின் வீட்டுக்காரர் அன்றே காணாமல் போவார். ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட நிறுவனத்தின் பங்கு குறையும்படி இந்தப் படிக்கட்டுக் கணக்கைப் போட்டதால்தான் அந்தச் சிறுபான்மை பிழைத்திருக்கிறது. கயல், நீங்களே சொல்லுங்கள், தேம்ஸ்கரையான் கேட்பது உங்களுக்குச் சம்மதமா?

கயல்:
குடியிருப்பு வார்டுகளின் இடங்களைச் சட்டத்தால் காப்பாற்றிவிட்டு, எல்லையை வெளி ஆணையம் வரைந்தால் சம்மதம். ஆல்ட்கேட்டின் தொடக்கப் பள்ளி, ஒழுகும் கூரை, லிஃப்ட் பழுது, இவற்றுக்காக வாக்களிப்பவரும் கட்டட உயரத்துக்காக வாக்களிப்பவரும் ஒரே அவையில் உட்காரலாம். எல்லைக் கோடு யார் போடுகிறார் என்பதுதான் என் சண்டை.

கூட்டல்கழித்தல்:
எல்லை வரைவதை வெளியே கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நியமனத்தை நிறுவனத்திடமிருந்து பிடுங்குவதில் மறுப்பு உண்டு. கட்டுகிற வரி என் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது.

ஓலைக்கட்டு:
எனக்கு இரண்டிலும் மறுப்பு. மன்றம் தன் எல்லையைத் தானே வரைவது பல நூற்றாண்டு உரிமை. வெள்ளிக்கிழமை அதைப் பற்றித் தனித் திரி தொடங்குகிறேன். எல்லோரும் அங்கே வந்து என்னைத் திட்டலாம்.