முட்டை, பால், ஈஸ்ட் இல்லாமல் குக்கரில் ரொட்டி வருமா?

வேளச்சேரி_வாடகைக்காரி:
நாங்கள் மூன்று பேர் வேளச்சேரியில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒருத்தி வீகன், பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். அவள் பிறந்தநாளுக்கு நாமே ஏதாவது செய்யலாமே என்று தேடினால் எல்லா வீடியோவிலும் பாதாம் பால், வீகன் வெண்ணெய், ஆளி விதை என்று லிஸ்ட் நீள்கிறது. பாதாம் பால் பாக்கெட்டைக் கடையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாச்சு. ஓவன் கிடையாது, கேஸ் அடுப்பும் 5 லிட்டர் அலுமினிய குக்கரும்தான். மாவு பொங்கும்வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை, மாசக் கடைசி வேறு. வீட்டில் இருப்பதை வைத்தே ஆகுமா?

மாம்பலம்_மாமி:
தாராளமாக ஆகும் கண்ணு. அந்த லிஸ்ட்டில் பாதி, காசுக்குப் பிடித்த கேடு. மாவு உப்புவது ஆப்ப சோடாவும் புளிப்பும் சேர்ந்து வரும் வாயுவால்தான், அதற்குப் பாலும் வேண்டாம் முட்டையும் வேண்டாம். முட்டை செய்யும் பிடிமான வேலையை நன்றாகக் கனிந்த வாழைப்பழமே செய்துவிடும்.

ஒன்றரை கப் கோதுமை மாவு, முக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, இருந்தால் கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி, எல்லாவற்றையும் சலித்துக்கொள். இன்னொரு பாத்திரத்தில் 3 பச்சைப்பழத்தை மசித்து அரை கப் நாட்டுச்சர்க்கரை, கால் கப்புக்குச் சற்று அதிகமாக எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர் சேர்த்துக் கலக்கு. தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினால் மணமாக இருக்கும், அதற்காகத் தேங்காய் உடைக்க வேண்டியதில்லை. கோதுமை மாவு தண்ணீரை இழுக்கும், கெட்டியாக இருந்தால் இன்னும் இரண்டு ஸ்பூன் விடு. செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கும்.

பழம் தோல் கறுத்திருக்க வேண்டும். சாயங்காலம் தள்ளுவண்டியில் கறுத்ததைக் கேள், பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கற்பூரவள்ளி என்றால் சர்க்கரையைக் குறை, பூவன் சின்னது, ஐந்தாறு போடு. ரஸ்தாளி நடுவில் கல் மாதிரி இருந்தால் மசியாது, விட்டுவிடு.

ஈரமும் மாவும் சேர்ந்ததும் பத்துப் பன்னிரண்டு கிளறல், அவ்வளவுதான். அங்கங்கே மாவுத் திட்டு தெரிந்தாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்கினால் பசைத்தன்மை கூடி ரப்பராகிவிடும். கலந்த உடனே அடுப்பில் ஏறணும், போன் பேசிக்கொண்டு நின்றால் வாயு போய்விடும்.

குக்கர்_பேக்கர்:
மாமி சொன்ன அளவு சரி, அடுப்பு விஷயம் நான் சொல்கிறேன். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள், இதை மறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் இரண்டு கப் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி 10 நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். 7 அங்குல எவர்சில்வர் டப்பாவோ கேக் டின்னோ, உள்ளே எண்ணெய் தடவி மாவு தூவி, முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றாமல் வையுங்கள். பிறகு சிம்மில் 45 முதல் 60 நிமிடம். அரை மணி நேரத்துக்கு முன்னால் திறந்து பார்த்தால் நடுவில் குழி விழும், ஆர்வத்தை அடக்குங்கள். குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது. தினமும் சாதம் வைக்கும் குக்கரை இப்படி வெறும் சூட்டில் விட எனக்கு மனசு வராது, பழைய அடி கனமான பாத்திரமும் இறுக்கமான மூடியும் இருந்தால் அதையே எடுங்கள், நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம். ஓவன் உள்ளவர்களுக்கு 180 டிகிரி, 50 நிமிடம் போல.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:
ஆளி விதை வீண் செலவு என்பதை நான் முழுசாக ஒத்துக்க மாட்டேன் மாமி. பழம் இல்லாமல் கேரட் போட்டோ பாதி ராகி மாவு கலந்தோ செய்தால் வெட்டும்போதே உதிரும். அப்போது ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தால் பிடிக்கும். நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம்கூட வாங்கலாம், பொடித்த பாக்கெட்தான் விலை.

இன்னொன்று, பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவம் என்பதற்குத்தான், பால் இருக்கலாம். மார்கரின், சாக்லேட் சிப்ஸ் வாங்கினால் பொருட்கள் பட்டியலில் பால் பவுடர் இருக்கிறதா பாருங்கள். வீகனுக்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தனி முத்திரை வைத்திருக்கிறது, பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்து.

மாம்பலம்_மாமி:
கேரட், ராகிக்கு நீங்கள் சொல்வது சரிதான். அந்தப் பெண் கேட்டது மாசக் கடைசிக்கு, அதற்குப் பழமே போதும். டின்னில் தடவ நெய்யை எடுத்துவிடாதே கண்ணு, பழக்கதோஷம்.

வேளச்சேரி_வாடகைக்காரி:
சோடா ஒரு டீஸ்பூன் போட்டால் இன்னும் உப்பாதா? அப்புறம் முந்தின நாள் ராத்திரியே செய்து வைத்தால் கெடுமா?

குக்கர்_பேக்கர்:
கூட்டாதீர்கள். புளிப்புக்கு மிஞ்சின சோடா சோப்பு மாதிரிக் கசக்கும், நிறமும் கறுக்கும். ராத்திரியே செய்வதுதான் நல்லது, சூட்டோடு வெட்டினால் உதிரும், ஆறினால் துண்டு அழகாக வரும். முழுசாக ஆறாமல் மூடி வைத்தால் வியர்த்து நனைந்துவிடும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரு நாள்தான் வெளியே தாங்கும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துத் தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிச் சாப்பிடுங்கள், எனக்கு அதுதான் முதல் நாளைவிடப் பிடிக்கும்.