டிஜிட்டல் ரேடியோ: அட்டைப்பெட்டி சொல்வதும் காதில் விழுவதும்

வானலை:
நான்கு மாதங்களுக்கு முன்பு அப்பாவுக்காக ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கினேன். டிஏபி வகை, அதாவது கோபுரத்திலிருந்து ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் முறை. அப்பாவால் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்க முடியாது. விடிவதற்கு முன்பே ரேடியோ பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது தொடங்காது. பெட்டியின் மேல் "சிடி தரத்தில் ஒலி, இரைச்சலே இல்லை, இன்னும் ஏராளமான நிலையங்கள்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. விற்றவரும் அதையே திருப்பிச் சொன்னார்.

ஜன்னலோரம் வைத்தால் நன்றாகத்தான் கேட்கிறது. அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. செய்தி வாசிப்பவர் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி குரல் கொப்பளிக்கிறது. அப்புறம் ஒன்றிரண்டு நொடி சத்தமே இல்லை. திரும்பி வரும்போது வாக்கியத்தில் பாதி போயிருக்கும். திரையில் மட்டும் நிலையத்தின் பெயர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் எங்கள் பழைய எஃப்எம் பெட்டி லேசாகச் சீறும், ஆனால் ஒரு வார்த்தை தப்பாது. பேட்டரி விஷயமும் இருக்கிறது. பழையதில் மாதக்கணக்கில் ஓடிய பேட்டரி இதில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தொழில்நுட்பமே மோசம் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லி விற்றால் என்ன? சிடியில் ஒலிக்காக இருக்கும் தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். டிஏபியில் பல நிலையங்கள் வருவது 128 கிலோபிட்டில், அதுவும் எம்பி2 என்ற பழைய சுருக்க முறையில். இதற்கு "சிடி தரம்" என்று எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

கோபுரத்தடி:
ஒலிபரப்புக் கோபுரங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

1,411-ஐயும் 128-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சரியான ஒப்பீடு இல்லை, நண்பரே. ஒரு ஒலி இன்னொரு ஒலியை மறைக்கும்போது, மறைந்து போகிற அந்தப் பகுதியை நம் காது கேட்பதே இல்லை. அதை அனுப்பாமல் விடுவதுதான் இந்தச் சுருக்க முறைகளின் வேலை. 1987-ல் ஐரோப்பாவில் யுரேகா 147 என்ற பெயரில் டிஏபி ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எம்பி2-வை 192, 256 கிலோபிட்டில் கேட்டால், சிடியிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். "சிடி தரம்" என்ற பேச்சு அந்த அளவை மனதில் வைத்து வந்தது.

எஃப்எம்மை ஏதோ தங்கம் போலப் பேசுவதையும் ஏற்க மாட்டேன். எஃப்எம் ஸ்டீரியோவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. பல நிலையங்கள் சத்தத்தை நசுக்கி நசுக்கி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்துவிட்டுத்தான் அனுப்புகின்றன. பழகிப்போனதால் நமக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

நெடுஞ்சாலை:
கோபுரத்தடி ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். வாரத்தில் ஐந்து நாள் காரிலேயே இருப்பவன் நான். எஃப்எம்மில் பெரிய கட்டடங்களுக்கு நடுவே போனால் படபடவென்று அடித்துக்கொள்ளும். அறுபது எழுபது கிலோமீட்டர் போனதும் அலைவரிசையை மாற்றித் தேட வேண்டும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே நிலையம் பயணம் முழுக்கக் கூடவே வருகிறது. ஒருவர் வீட்டில் சிக்னல் சரியில்லை என்பதற்காக விளம்பரமே பொய் என்பது அதிகம்.

கோபுரத்தடி:
காரில் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டாரத்தின் கோபுரங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே சிக்னலை அனுப்புகின்றன. கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையும் அடுத்த கோபுரத்தின் அலையும் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் ரேடியோ அதைத் தாங்கிக்கொள்ளும்படி ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறார்கள். சுமார் 246 மைக்ரோநொடி. எஃப்எம்மில் தொல்லையாக இருந்த எதிரொலியே இங்கே கைகொடுக்கிறது. இதை உருவாக்கியவர்களை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

வானலை:
கார் விஷயத்தில் நீங்கள் இருவர் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனால் ஐயா, 192-ல் நன்றாக இருக்கும் என்கிறீர்களே, அந்த 192-ஐ எத்தனை நிலையங்கள் தருகின்றன? ஒரு மல்டிபிளெக்ஸில், அதாவது பல நிலையங்களைச் சேர்த்து அனுப்பும் ஒரே அலைவரிசையில், மொத்தம் எவ்வளவு இடம் இருக்கும் என்று சொல்லுங்களேன்.

கோபுரத்தடி:
வழியில் சிதையும் பிட்டுகளைச் சரிசெய்யக் கூடுதல் தகவல் சேர்த்து அனுப்புவோம், அதுதான் பிழைத்திருத்தம். பொதுவாகப் பயன்படும் பிழைத்திருத்த அளவில் மீதி இருப்பது நொடிக்கு 1,152 கிலோபிட். 192 வீதம் கொடுத்தால் 6 நிலையம். 128 வீதம் என்றால் 9. மோனோவில் 64 என்று இறங்கினால் 18. எப்படிப் பங்கு போடுவது என்பதை அதை நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பொறியாளரைக் கேட்டு அது நடப்பதில்லை.

வானலை:
என் ஆதங்கமே இதுதான். ஒரே பானையில் இருக்கும் சோற்றைத்தான் பங்கு வைக்கிறார்கள். நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றின் தரமும் குறையும். தரத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும். ஆனால் அட்டைப்பெட்டியில் "சிறந்த ஒலி"யும் "அதிக நிலையங்க"ளும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. ஒன்று கிடைத்தால் இன்னொன்று குறையும் என்று வாங்குகிறவருக்கு யார் சொல்கிறார்கள்?

பிபிசி ரேடியோ 3 சாஸ்திரிய இசைக்கான நிலையம். அதற்கே 2006-ல் 192-லிருந்து 160-க்கு இறக்கினார்கள். கேட்பவர்கள் புகார் மேல் புகார் அனுப்பிய பிறகுதான், வேறு தேவை இல்லாத நேரங்களில் 192 தருவோம் என்றார்கள். இசைக்காகவே இருக்கும் ஒரு நிலையத்துக்கே இந்த நிலை என்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது?

பழையகுமிழ்:
எனக்கு இதில் இரண்டு மனமே இல்லை. டிஜிட்டல் என்ற சொல்லே விற்பனைக்காகப் பிடித்த சொல். அமெரிக்காவில் 2002-ல் ஒப்புதல் வாங்கிய முறைக்கு "ஹெச்டி ரேடியோ" என்று பெயர் வைத்தார்கள். ஹெச்டி டிவி மாதிரி துல்லியம் என்றுதான் யாருமே நினைப்பார்கள். அந்த எழுத்துகளுக்கு எந்த விரிவும் கிடையாது, அது வெறும் வணிகப் பெயர் என்று அந்த முறையை உருவாக்கிய நிறுவனமே சொன்னது. இதைவிட என்ன சான்று வேண்டும்? எஃப்எம் ஒன்றே போதும், அதை யாரும் தொடக்கூடாது.

நெடுஞ்சாலை:
பழையகுமிழ் ஐயா, "யாரும் தொடக்கூடாது" என்பதும் ஒரு விளம்பர வாசகம் போலத்தான் இருக்கிறது. நார்வேயைப் பாருங்கள். 2017 ஜனவரியில் வடக்கே தொடங்கி அந்த டிசம்பருக்குள் தேசிய நிலையங்கள் எல்லாவற்றையும் எஃப்எம்மிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஃப்எம்மில் ஐந்து தேசிய நிலையங்கள் இருந்த இடத்தில் டிஏபியில் இருபதுக்கு மேல் வந்தன. மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும் நாட்டில் அத்தனையையும் எஃப்எம்மில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடக்கிற காரியமா? சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 கடைசியோடு எஃப்எம்மை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பரிலிருந்து புதிய கார்களில் வரும் ரேடியோ டிஜிட்டலையும் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இதெல்லாம் விளம்பரத்தால் நடந்ததா?

பழையகுமிழ்:
சட்டம் போட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது என்றால், மக்கள் தாங்களாக வந்து கேட்கவில்லை என்றுதானே பொருள்? நார்வேயிலும் உள்ளூர் நிலையங்கள் பல எஃப்எம்மிலேயே தொடர்ந்தன. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:
தொடர்ந்தன, உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

விரல்நுனி:
எனக்குப் பார்வை இல்லை. பேச்சுச் செயலி வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

டிஜிட்டல் ரேடியோவுக்குச் சொல்லும் இன்னொரு வசதி, "அலைவரிசை எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்பது. எண் எனக்கு ஒருநாளும் சுமையாக இருந்ததில்லை. என் எஃப்எம் பெட்டியில் குமிழுக்குப் பக்கத்தில் நகத்தால் மூன்று கீறல் போட்டு வைத்திருக்கிறேன். குமிழில் இருக்கும் மேடு முதல் கீறலுக்கு நேரே வந்தால் செய்தி, இரண்டாவதில் பாட்டு, மூன்றாவதில் இரவு நாடகம். வழியில் கேட்கும் சீறல்கூட எனக்குப் பாதைதான். இரைச்சல் மெலிய மெலிய, நிலையம் நெருங்குகிறது என்று தெரியும். டிஜிட்டல் பெட்டியில் குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் நிற்பதில்லை. பெயர்கள் திரையில் மட்டும் போகின்றன. சத்தமே இல்லாத பட்டியலில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

பேசும் டிஜிட்டல் ரேடியோக்களும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் நான் போன கடையில் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. "எல்லோருக்கும் எளிது" என்ற வரி மட்டும் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறதாம், தம்பி படித்துச் சொன்னான்.

இன்னொன்று. ரேடியோவில் வரும் மணி ஒலியை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கம் எனக்கு. டிஜிட்டலில் அது சில நொடி பிந்தி வருகிறது. ஒலியைச் சுருக்கி, சேர்த்து வைத்து, விரித்துத் தருவதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. ஒரு அறையில் எஃப்எம்மும் அடுத்த அறையில் டிஜிட்டலும் ஓடினால் வீடு முழுக்க இரட்டைக் குரல்.

கோபுரத்தடி:
விரல்நுனி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடத்தில் நிலையத்தைத் தேடுவதை நாங்கள் திரையோடு மட்டும்தான் யோசித்தோம். சீறலே ஒருவருக்கு வழிகாட்டியாக இருக்கும் என்று எங்கள் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வானலைக்கு: கொப்பளிப்பைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். எஃப்எம்மில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் மெல்லக் கூடும். டிஜிட்டலில் பிழைத்திருத்தம் தாக்குப்பிடிக்கும் வரை ஒலி சுத்தமாக இருக்கும், அந்த எல்லை தாண்டியதும் மேட்டிலிருந்து விழுவது போல ஒரேயடியாகப் போய்விடும். "இரைச்சலே இல்லை" என்பது ஒரு விதத்தில் உண்மை, ஏனென்றால் இரைச்சல் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வராது. அதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் அச்சடிப்பது நியாயம் இல்லை. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் எம்பி2-வை வைத்து மொத்தத்தையும் எடை போடாதீர்கள். 2007-ல் வந்த டிஏபி பிளஸ், ஏஏசி என்ற புதிய வகைச் சுருக்க முறையைப் பயன்படுத்துகிறது. அதே தரத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிட்டில் தரும். பானை அதேதான், ஆனால் பங்குச் சண்டை வெகுவாகக் குறைகிறது.

வானலை:
குறைகிறது, சரி. ஆனால் அந்த மாற்றம் வந்தபோது முன்பே டிஏபி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? பழைய பெட்டிகளால் டிஏபி பிளஸ் நிலையங்களை எடுக்க முடியாது. எதிர்காலத்துக்கான ரேடியோ என்று நம்பி வாங்கிய ஒருவர், பெட்டி நன்றாக இருக்கும்போதே நிலையம் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? என் கோபம் பொறியாளர்கள் மேல் இல்லை ஐயா. நீங்கள் இங்கே ஒரு பத்தியில் எழுதியதைப் பெட்டியின் பின்பக்கத்தில் நான்கு வரியாகப் போட்டால், வாங்குகிறவர் தானே முடிவு செய்வார். எந்தச் சுருக்க முறை எடுக்கும், பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடும், சிக்னல் குறைந்தால் என்ன ஆகும், வாங்கும் முன் வீட்டில் எடுக்குமா என்று எங்கே பார்ப்பது. இவ்வளவுதான் கேட்கிறேன்.

நெடுஞ்சாலை:
அப்படிப் போட்டால் பாதிப் பேர் பயந்து வாங்கவே மாட்டார்கள். எல்லோரும் காத்திருந்தால் கோபுரம் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? புதிதாக வரும் எதையும் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் விற்றாக வேண்டும்.

விரல்நுனி:
நம்பி வாங்கியவர் ஒரு முறை ஏமாந்தால், அடுத்து நல்லதே வந்தாலும் வாங்க மாட்டார். என் தம்பி அப்படித்தான். பேசும் ரேடியோவைக்கூட வேண்டாம் என்றான், நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

கோபுரத்தடி:
வானலை, ஏரியலை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

வானலை:
முழுதாக இழுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கோபுரத்தடி:
நேராக நிமிர்த்தி வையுங்கள். டிஏபி அலை பொதுவாகச் செங்குத்தாகவே அனுப்பப்படுகிறது, சாய்த்தால் இழப்பு. முழுதாக இழுக்கவும் வேண்டாம். ஏரியல் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் போதும். எஃப்எம்முக்கு அந்தக் கால் அலைநீளம் முக்கால் மீட்டர் வரும், அந்தப் பழக்கத்தில் எல்லோரும் இழுத்துவிடுவார்கள். டிஏபி ஓடுவது 220 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. கால் அலைநீளம் 34 சென்டிமீட்டர்தான். அளந்து வைத்துப் பாருங்கள். சுவரிலிருந்தும் மொபைல் சார்ஜரிலிருந்தும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வானலை:
அளந்து வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 34 சென்டிமீட்டர், நேராக. கட்டிலுக்கு இரண்டடி இந்தப் பக்கம், மேசை மேல் இப்போது ஒரு மணி நேரமாக ஒரு சொல்கூட விழாமல் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் இன்னும் நிலைத்தது. மிக்க நன்றி ஐயா. கையேட்டை மறுபடி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். "ஏரியலை முழுமையாக நீட்டவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது.

தலைமாட்டில் வைத்தால் மட்டும் இன்னும் கொப்பளிக்கிறது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அப்பாவுக்குக் கைக்கு எட்டும் இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும் கட்டிலையே மேசைப் பக்கம் நகர்த்திப் பார்க்கப் போகிறோம். அதுவரை தலைமாட்டில் பழைய எஃப்எம் பெட்டி இருக்கும்.